கயிற்றை இழுத்தால் கார் ஆலை நிற்கும்! டொயோட்டாவை வளர்த்த 5 கொள்கைகள் என்ன? அதே கம்பெனி சறுக்கியது எங்கே? முழு விளக்கம்

எந்தக் கம்பெனிக்குள் போனாலும் வரவேற்பறையில் ஒரு பலகை தொங்கும். நேர்மை, தரம், வாடிக்கையாளர் நலன், குழுவாகச் செயல்படுதல்... இப்படி நாலைந்து வார்த்தைகள் அழகான எழுத்தில் இருக்கும்.

அமெரிக்காவின் என்ரான் கம்பெனியும் தன் ஆண்டறிக்கையில் மரியாதை, நேர்மை என்றெல்லாம் அச்சடித்துதான் வைத்திருந்தது. கணக்கில் செய்த மோசடி வெளியே வந்து, 2001 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவாலானது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையையும் ஓய்வூதியச் சேமிப்பையும் இழந்தார்கள்.

அப்படியென்றால், ஒரு கம்பெனியை நல்லபடியாக நடத்த கொள்கை என்று ஒன்று உண்மையிலேயே உதவுமா? இல்லை, எல்லாம் சுவரில் மாட்டத்தானா?

இதைப் புரிந்துகொள்ள ஜப்பானின் டொயோட்டாவைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். கொள்கையால் எப்படி வளரலாம் என்பதற்கும் அதே கம்பெனிதான் உதாரணம். கொள்கையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே கம்பெனிதான்.

டொயோட்டாவை ஏன் எல்லோரும் பார்க்கிறார்கள்?

டொயோட்டா மோட்டார் தொடங்கப்பட்டது 1937-ல். இன்று உலகிலேயே அதிக வாகனங்கள் விற்கும் குழுமம் இதுதான். 2020 முதல் 2024 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் முதலிடம். 2023-ல் மட்டும் துணை நிறுவனங்களையும் சேர்த்து சுமார் 1.12 கோடி வாகனங்கள் விற்றது.

ஆனால் ஆரம்பம் அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானே நொறுங்கிக் கிடந்தது. கையில் பணம் இல்லை, மூலப்பொருள் இல்லை, வாங்க ஆளும் இல்லை. அமெரிக்காவின் ஃபோர்டு மாதிரி ஒரே காரை லட்சக்கணக்கில் அடித்துக் குவிக்க டொயோட்டாவால் முடியாது. ஒவ்வொரு பைசாவையும் எண்ணிச் செலவு செய்ய வேண்டிய நிலை.

அந்த நெருக்கடியில் உருவானதுதான் 'டொயோட்டா உற்பத்தி முறை'. கம்பெனி வளர்ந்து பல நாடுகளுக்குப் போன பிறகு, 2001-ல் இந்தப் பழக்கங்களை 'டொயோட்டா வழி' என்ற பெயரில் ஓர் ஆவணமாகவே எழுதி வைத்தார்கள். அதற்கு இரண்டு தூண்கள். ஒன்று, இடைவிடாத முன்னேற்றம். இன்னொன்று, மனிதர்களுக்கு மரியாதை.

கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும். நடைமுறையில் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொள்கை 1: தப்பு தெரிந்தால் உடனே நிறுத்து

இதன் வேர் கார் அல்ல, தறி.

டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சகிச்சி டொயோடா. தச்சுத் தொழிலாளியின் மகன். நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை அவர் உருவாக்கினார். அவருடைய புகழ்பெற்ற 'ஜி' ரகத் தானியங்கித் தறி 1924-ல் வந்தது. 1929-ல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி 1 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடினால் எவ்வளவு துணி வீணாகும் என்பதை பள்ளிபாளையம், சோமனூர் விசைத்தறிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தறி தானே நின்றுவிட்டால் இரண்டு லாபம். கெட்ட துணி வராது. ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் கண்கொட்டாமல் காவல் நிற்கவும் வேண்டாம்.

இதே யோசனையை கார் ஆலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆலையில் கார்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். தொழிலாளியின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு. போல்ட் சரியாக இறங்கவில்லை, பாகம் பொருந்தவில்லை, ஏதோ சரியில்லை என்று பட்டால் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், ஒலி கேட்கும். இதற்குப் பெயர் 'அண்டான்'.

உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். அந்தக் கட்டத்துக்கான நேரத்துக்குள் பிரச்சினை தீர்ந்தால் வரிசை தொடரும். தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும்.

இதில் முக்கியம் கயிறு அல்ல. கயிற்றை இழுத்தவரை யாரும் திட்டக் கூடாது என்பதுதான். "யாருடா லைனை நிறுத்தினது?" என்று மேஸ்திரி ஒரு தடவை கத்தினால் போதும். அடுத்த முறை யாரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். தப்பு அப்படியே காருக்குள் போய், வாடிக்கையாளர் வீட்டு வாசலில்தான் தெரியவரும்.

கொள்கை 2: தேவையானதை, தேவையான நேரத்தில், தேவையான அளவு

இட்லி மாவை யோசித்துப் பாருங்கள். பத்து நாளுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஆட்டி வைத்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் மாவு புளித்துப் போகும், பிரிட்ஜில் இடம் அடையும், அரிசி-உளுந்துக்குப் போட்ட காசும் முடங்கும்.

ஆலையிலும் அதேதான். டொயோட்டா பொறியாளர் தைச்சி ஓனோ இதற்கு விடை தேடியபோது, அவரைக் கவர்ந்தது அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட். அங்கே வாடிக்கையாளர் எடுத்த பொருளுக்குத் தகுந்த மாதிரிதான் அலமாரி மறுபடி நிரப்பப்படும். அலமாரி காலியாவதே 'இன்னும் கொண்டு வா' என்ற தகவல்.

இதையே ஆலையில் ஓர் அட்டை மூலம் செய்தார்கள். பாகங்கள் தீர்ந்ததும் அதனுடன் இருந்த அட்டை முந்தைய பிரிவுக்குப் போகும். அட்டை வந்தால்தான் அவர்கள் அடுத்ததைத் தயாரிப்பார்கள். அந்த அட்டைக்குப் பெயர் 'கான்பான்'. நிறைய ஐ.டி. கம்பெனிகள் இன்று வேலைகளைப் பிரித்துப் போடும் பலகைக்கும் இதே பெயர்தான். வந்த இடம் இதுதான்.

சரக்கைக் குறைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. குடோன் நிறைய சரக்கு இருந்தால் பத்து பாகம் கெட்டுப் போனாலும் யாருக்கும் தெரியாது, பதினொன்றாவதை எடுத்துப் போட்டுவிடலாம். சரக்கு குறைவாக இருந்தால் ஒரு பாகம் கெட்டாலும் உடனே தெரிந்துவிடும். அதாவது, இந்த முறை பிரச்சினையை ஒளிய விடாது.

இதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் செய்கி என்ற சப்ளையரின் ஆலை தீப்பிடித்தது. பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு, டொயோட்டாவுக்கு ஏறத்தாழ முழுக்க அங்கிருந்துதான் வந்தது. கைவசம் சரக்கு இல்லை. ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலைகள் கிட்டத்தட்ட எல்லாமே நின்றுபோயின.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். மற்ற சப்ளையர்கள் பலரும் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, விலை என்ன என்று முதலில் பேசாமலேயே வால்வு செய்யத் தொடங்கினார்கள். தையல் மெஷின் கம்பெனியான பிரதர் கூட செய்து கொடுத்தது. ஒரு வாரத்துக்குள் உற்பத்தி பெருமளவு மீண்டது. பல ஆண்டுகளாகச் சம்பாதித்த உறவு, பணத்தால் வாங்க முடியாத நேரத்தில் கைகொடுத்தது.

2011 சுனாமிக்குப் பிறகு டொயோட்டா தன் கொள்கையையே திருத்தியது. எந்தப் பாகம் கிடைக்காமல் போனால் மீள நாளாகுமோ, அதைப் பட்டியல் போட்டது. கம்ப்யூட்டர் சிப் மாதிரி பாகங்களை மட்டும் சில மாதங்களுக்குச் சேர்த்து வைக்கச் சொன்னது. 2021-ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற கம்பெனிகளைவிட அதிக நாள் டொயோட்டா தாக்குப்பிடித்தது. ஆனாலும் முழுதாகத் தப்பவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டமிட்ட உற்பத்தியில் சுமார் 40 சதவீதத்தைக் குறைக்க வேண்டி வந்தது.

கொள்கை 3: ஏ.சி. அறையில் உட்காராதே, நேரில் போய்ப் பார்

ஜப்பானிய மொழியில் இதை 'கென்ச்சி கென்புட்சு' என்பார்கள். பிரச்சினை நடந்த இடத்துக்கே போய், பொருளைக் கண்ணால் பார்த்து முடிவெடு என்று அர்த்தம். அறிக்கையில் எழுதுவது ஒன்று, களத்தில் நடப்பது ஒன்று என்பது எல்லா கம்பெனியிலும் உள்ளதுதானே!

இதனுடன் சேர்ந்து வருவது 'ஐந்து ஏன்' முறை. ஒரு பிரச்சினைக்கு முதலில் கிடைக்கும் பதிலோடு நிற்காமல், ஏன் ஏன் என்று தோண்டிக்கொண்டே போவது. நம் ஊர் ஓட்டல் ஒன்றை கற்பனை செய்து பார்ப்போம். பார்சலில் சாம்பார் இல்லை என்று அடிக்கடி புகார் வருகிறது.

ஏன்? பார்சல் கட்டுபவர் வைக்க மறந்துவிட்டார்.

ஏன் மறந்தார்? எந்த ஆர்டருக்கு என்ன வைக்க வேண்டும் என்பதை அவர் மனப்பாடமாகத்தான் வைத்திருக்கிறார். இரவு 8 மணிக்கு மேல் கூட்டம் வந்தால் குழம்பிவிடுகிறது.

ஏன் மனப்பாடம்? பில்லில் 'மினி டிபன்' என்று மட்டும்தான் வருகிறது. உள்ளே என்னென்ன என்று வருவதில்லை.

ஏன் வருவதில்லை? பில் மெஷின் வைத்தபோது மினி டிபன் கிடையாது. பிறகு சேர்த்தபோது பெயரையும் விலையையும் மட்டும் ஏற்றினார்கள்.

இத்தனை நாள் ஏன் யாரும் சரிசெய்யவில்லை? பார்சல்காரர் இரண்டு முறை சொன்னார். கேஷியர் கேட்டுக்கொண்டார். முதலாளியோ ராத்திரி கல்லாக் கணக்கை மட்டும்தான் பார்க்கிறார்.

முதல் 'ஏன்' உடன் நின்றிருந்தால், பார்சல்காரருக்குத் திட்டு விழுந்திருக்கும், ஒருவேளை வேலையும் போயிருக்கும். அடுத்து வருபவரும் சாம்பாரை மறப்பார். ஐந்தாவது 'ஏன்' வரை போனால் ஆள் தப்பல்ல, ஏற்பாடு தப்பு என்று தெரிகிறது.

கொள்கை 4: தினமும் கொஞ்சம் சரிசெய்

'கைசன்' என்ற வார்த்தையைப் பலர் கேட்டிருப்பார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றுவதல்ல இது. கருவியை இரண்டு அடி கிட்டே வைப்பது, குனிந்து எடுக்கும் பெட்டியை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவது, இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்கள்.

இதை யார் சொல்ல முடியும்? அந்த வேலையைத் தினமும் செய்பவர்தான். அதனால்தான் 1951-லேயே தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டத்தை டொயோட்டா கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்க்கப் போனபோது அங்கிருந்து எடுத்துவந்த யோசனை அது. போட்டிக் கம்பெனியிடம் கற்றுக்கொள்ளக் கூச்சப்படவில்லை என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது.

நம் ஊர் ஆபீஸ்களிலும் யோசனைப் பெட்டி இருக்கும். பெரும்பாலும் பூட்டியே இருக்கும், சாவி யாரிடம் என்றே தெரியாது. வித்தியாசம் பெட்டியில் இல்லை. யோசனை சொன்னவருக்கு 'செய்கிறோம்' என்றோ, 'இந்தக் காரணத்தால் முடியாது' என்றோ பதில் போகிறதா என்பதில்தான் இருக்கிறது.

கொள்கை 5: மனிதர்களுக்கு மரியாதை

இதுதான் சொல்ல எளிது, செய்யக் கஷ்டம்.

1950-ல் டொயோட்டா கிட்டத்தட்ட மூழ்கும் நிலை. ஆட்குறைப்பு, அதை எதிர்த்து வேலைநிறுத்தம். பல தொழிலாளர்கள் வெளியேற வேண்டியிருந்தது. அப்போது நிறுவனர் கீச்சிரோ டொயோடா தன் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். தொழிலாளிக்கு மட்டும் தண்டனை, தலைவருக்கு நாற்காலி என்று விடவில்லை. சில நாட்களில் கொரியப் போர் தொடங்கியது. அமெரிக்க ராணுவத்திடமிருந்து லாரிகளுக்கு ஆர்டர் வந்தது, கம்பெனி பிழைத்தது. ஆனால் கீச்சிரோ பதவிக்குத் திரும்பவில்லை. 1952-ல் காலமானார்.

அந்த வலிக்குப் பிறகு, நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒருவரையொருவர் நம்பி நடப்பது என்ற பாதையை டொயோட்டா எடுத்தது.

ஆனால் இந்தக் கொள்கைக்குக் கறுப்புப் பக்கமும் உண்டு. 2002-ல் ஜப்பானில் டொயோட்டா ஆலையில் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் வேலை நேரத்தில் சரிந்து விழுந்து இறந்தார். அளவுக்கு மீறிய வேலையே காரணம் என்று 2007-ல் நகோயா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை முடிந்த பிறகு செய்யும் தரக் குழு வேலைகளையும் வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றம் பார்த்தது. 'முன்னேற்றம்' என்ற பெயரில் சம்பளமில்லாத வேலை நுழைந்துவிடலாம் என்பதற்கு இது எச்சரிக்கை.

பெங்களூரு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையிலும் 2020 நவம்பரில் வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று பிரச்சினை வெடித்தது. வேலைச்சுமை தாங்க முடியவில்லை என்றது தொழிற்சங்கம். நிர்வாகம் அதை மறுத்தது. இழுபறி பல வாரங்கள் நீடித்தது.

மற்ற நாட்டில், மற்ற கம்பெனியில் இது வேலை செய்யுமா?

'ஜப்பான்காரங்க ஒழுக்கமானவங்க, அங்க நடக்கும். இங்க நடக்குமா?' என்ற கேள்வி எல்லா நாட்டிலும் எழுந்தது. அமெரிக்காவிலும்தான்.

கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலை இருந்தது. வேலைக்கு வராமல் இருப்பது, நிர்வாகத்தோடு சண்டை, மோசமான தரம் என்று அந்தக் கம்பெனியிலேயே கெட்ட பெயர் எடுத்த ஆலை. 1982-ல் மூடினார்கள்.

1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையை நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். அதே தொழிற்சங்கம். ஒரு பகுதியினரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். கையில் அந்தக் கயிற்றைக் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளில் தரத்தில் முன்வரிசைக்கு வந்தது நும்மி. ஆள் மாறவில்லை, நடத்திய விதம்தான் மாறியது.

அப்படியானால் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளிலும் இதைச் செய்திருக்கலாமே? முயன்றது. பல இடங்களில் எடுபடவில்லை. கயிறு மாட்டினார்கள், ஆனால் எத்தனை கார் வெளியே போனது என்பதை வைத்துத்தான் மேலாளர்களை எடைபோட்டார்கள். அப்புறம் கயிற்றை இழுக்க யார் விடுவார்கள்? 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்பு கேட்டது. நும்மி 2010-ல் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் இருப்பது டெஸ்லாவின் ஆலை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஜப்பானில் தரக் கட்டுப்பாட்டைப் பரப்பிய அமெரிக்கர் டெமிங் பெயரில் 1951 முதல் தரப்படும் விருது, தர மேலாண்மையில் உலகின் பெரிய கௌரவம். டொயோட்டா அதை 1965-ல் வாங்கியது. இந்தியாவில் முதன்முதலில் வாங்கியது டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு, 1998-ல். அது இருந்தது சென்னை பாடியில். ஓசூரில் ஆலை வைத்து வளர்ந்த டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் வாங்கியது. 'இங்க நடக்குமா?' என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

இவ்வளவு கொள்கை இருந்தும் டொயோட்டா சறுக்கியது எப்படி?

2008-ல் ஜெனரல் மோட்டார்ஸை முந்தி டொயோட்டா உலகின் நம்பர் 1 ஆனது. அடுத்த ஆண்டே அடி விழுந்தது.

2009 ஆகஸ்ட் 28. கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே கட்டுப்பாடில்லாமல் பாய்ந்த லெக்சஸ் கார் விபத்துக்குள்ளாகி 4 பேர் உயிரிழந்தார்கள். காருக்குப் பொருந்தாத தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கியிருந்தது. பிறகு, மிதித்த பெடல் சரியாக மேலே திரும்பாத இன்னொரு கோளாறும் வெளியே வந்தது. பல லட்சம் கார்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

2010 பிப்ரவரி 24 அன்று, அப்போதைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் ஆஜராகி மன்னிப்புக் கேட்டார். கம்பெனியின் வரிசை முதலில் பாதுகாப்பு, அடுத்து தரம், மூன்றாவதுதான் எண்ணிக்கை. வேகமாக வளர்ந்தபோது இந்த வரிசை குழம்பிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

எலெக்ட்ரானிக் கோளாறா என்ற சந்தேகத்தை நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். அப்படி ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2011-ல் அறிக்கை வந்தது. ஆனால் பெடல் பிரச்சினை பற்றி வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதை ஒப்புக்கொண்டு, 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் செலுத்த டொயோட்டா சம்மதித்தது.

கவனித்துப் பாருங்கள். ஆலையில் ஒரு தொழிலாளி போல்ட்டுக்காக வரிசையை நிறுத்தலாம். ஆனால் வாடிக்கையாளர்களின் புகார் வந்தபோது, அந்தக் கயிற்றை இழுக்க வேண்டியவர்கள் நேரத்துக்கு இழுக்கவில்லை.

டைஹாட்சுவில் நடந்தது என்ன?

இரண்டாவது அடி இன்னும் கிட்டத்தில். சின்ன கார் தயாரிக்கும் டைஹாட்சு, 2016 முதல் முழுக்க டொயோட்டாவுக்குச் சொந்தம். 2023 ஏப்ரலில் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்தது தெரியவந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது உள்ளிருந்து வந்த புகார்.

வெளியாட்கள் குழு ஒன்று விசாரித்தது. 2023 டிசம்பரில் வந்த அறிக்கையில் 64 மாடல்கள், 174 முறைகேடுகள். அவற்றில் பழையது 1989-ஐச் சேர்ந்தது. டைஹாட்சு எல்லா மாடல்களின் விநியோகத்தையும் நிறுத்தியது.

காரணம் என்ன? புதிய காரை முடிக்க மிகக் குறுகிய காலம். தேதி தள்ளிப்போவதை ஏற்கவே முடியாது என்ற நிலை. சோதனையில் ஒரே முறையில் தேற வேண்டும் என்ற அழுத்தம். 'முடியாது' என்று சொல்ல இடமே இல்லாத ஆட்களிடம் மாட்டிய வேலை, கடைசியில் பொய்யாக முடிந்தது. முதன்மைப் பொறுப்பு நிர்வாகத்துக்கே என்றது விசாரணைக் குழு.

சகிச்சியின் தறி நூல் அறுந்ததும் நின்றது. டைஹாட்சுவில் நூல் அறுந்து பல ஆண்டுகள் ஆகியும் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

சின்ன கம்பெனி நடத்துபவர்களுக்கு என்ன பாடம்?

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையோ, நான்கு பேர் இருக்கும் கடையோ, எதுவாக இருந்தாலும் கீழே உள்ளவற்றைச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம்.

கடைசியாகக் கெட்ட செய்தி சொன்னவருக்கு என்ன ஆனது? மிஷின் உடைந்தது, ஆர்டர் தப்பாகப் போனது என்று உங்களிடம் வந்து சொன்னவர் திட்டு வாங்கினாரா, நன்றி வாங்கினாரா? இனி உங்கள் காதுக்கு எது வரும், எது வராது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

வேலையை நிறுத்தும் உரிமை யாருக்கு? முதலாளி ஊரில் இல்லாதபோது தரம் கெட்ட சரக்கு லாரியில் ஏறுகிறது. 'ஏத்தாதே' என்று சொல்ல யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா?

எதை அளக்கிறீர்கள்? தரம் முக்கியம் என்று பேசிவிட்டு, எண்ணிக்கைக்கு மட்டும் போனஸ் கொடுத்தால், ஆட்கள் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள், போனஸ் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

முன்னுரிமை வரிசை எழுதியிருக்கிறதா? பாதுகாப்பு, தரம், எண்ணிக்கை, இந்த மூன்றும் மோதும்போது எது ஜெயிக்கும் என்பதை அவசரம் வருவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். டெலிவரி தேதிக்கு முந்தைய இரவில் உட்கார்ந்து யோசித்தால் எண்ணிக்கைதான் ஜெயிக்கும்.

சப்ளையருக்குப் பணம் எப்போது போகிறது? சரக்கைக் குறைக்கிறேன் என்று பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது டொயோட்டா முறை அல்ல. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். உங்கள் கூரையில் தீப்பிடிக்கும் நாளில் ஓடிவரப் போவது இந்த சப்ளையர்கள்தான்.

வேலை பார்ப்பவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

புதிய கம்பெனியில் சேரும் முன் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, அங்கே ஏற்கெனவே இருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'இந்தத் தேதிக்குள்ள முடிக்க முடியாதுன்னு மேனேஜர்கிட்ட சொன்னா என்ன ஆகும்?'

'உட்கார்ந்து பேசுவாங்க' என்று பதில் வந்தால் அது ஒரு மாதிரி கம்பெனி. 'அதெல்லாம் சொல்ல முடியாதுங்க' என்று சிரித்தால் அது வேறு மாதிரி கம்பெனி. இரண்டிலும் சுவரில் ஒரே வார்த்தைகள்தான் இருக்கக்கூடும்.